சொல்லிட்டுத்தான் கழட்டணும்

தம்பி, தம்பி, ஒரு நிமிஷம். அந்தப் பென் டிரைவை அப்படியே பிடுங்கிடாதீங்க. முதல்ல கம்ப்யூட்டர்கிட்டச் சொல்லுங்க. கீழ வலது பக்கம் மணி காட்டுதுல்ல, அதுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு அம்பு இருக்கும் பாருங்க. அதைத் தட்டுங்க. ஆங், அதேதான். வயர் முனை மாதிரி ஒரு படம் வருதா? அதை அமுக்கி எஜெக்ட் குடுங்க. இருங்க, அவசரப்படாதீங்க. அது பதில் சொல்லணும். 'இனிமே கழட்டிக்கலாம்'னு அது வாயால சொல்லணும். சொல்லிடுச்சா? இப்ப எடுங்க. அவ்வளவுதான் விஷயம். இதுக்கு எவ்வளவு நேரமாச்சு?

கோவிச்சுக்காதீங்க. பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரன் எதுக்கு மூக்கை நுழைக்கிறான்னு நினைப்பீங்க. எனக்கு வாய் சும்மா இருக்காது. அருப்புக்கோட்டையில பஜார் மாடியில கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருந்தவன் நான். சௌந்தரபாண்டியன்னு சொன்னா ஊர்ல பாதிப்பேருக்குத் தெரியாது, கம்ப்யூட்டர் சார்னு கேளுங்க, கடைக்காரங்க வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவாங்க. எங்கிட்டப் படிச்ச பிள்ளைங்க இன்னைக்கு எங்கெங்கயோ இருக்குது. ஆரம்பிச்ச அன்னைக்கே அத்தனை பேருக்கும் முதல் பாடம் இதுதான். எப்படி மாட்டுறதுன்னு சொல்லித் தரமாட்டேன், எப்படிக் கழட்டுறதுன்னுதான் சொல்லித் தருவேன். மாட்டுறதுக்கு எந்த மடையனுக்கும் தெரியும்.

ஏன்னு கேளுங்க. நீங்க ஒரு ஃபைலை காப்பி பண்றீங்க, திரையில 'முடிஞ்சது'ன்னு காட்டுது. முடிஞ்சிருக்காது தம்பி. கொஞ்சத்தைக் கம்ப்யூட்டர் தன் கையிலயே வச்சிருக்கும், அப்புறமா எழுதிக்கலாம்னு. நீங்க சொல்லாமப் பிடுங்கினா அது கையில இருந்தது கையோட போச்சு. இந்தப் பக்கமும் இருக்காது, அந்தப் பக்கமும் இருக்காது. அதனாலதான் சொல்லிட்டுக் கழட்டணும். மனுஷனுக்கும் அதே மரியாதைதானே.

எங்க போறீங்க, மதுரையா? நானும் அதுவரைக்கும் போய் மாறணும். நல்லதாப் போச்சு. போன் வேற செத்துக் கெடக்கு, யார்கிட்டயாவது பேசிக்கிட்டே போனாத்தான் எனக்கு வண்டி நகரும்.

மெட்ராஸ்ல எனக்கு என்ன வேலைன்னா, இதான் வேலை. இந்தப் பையில இருக்கு பாருங்க. வேணாம், வெளிய எடுக்க வேணாம். ஒரு ஹார்ட் டிஸ்க். கறுப்பு, சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். என் மகனோடது. மதிவாணன். ஓசூர்ல ஒரு கம்பெனியில இன்ஜினியரா இருந்தான். பைபாஸ்ல பைக்ல போயிக்கிட்டிருந்தான், லாரி. அவ்வளவுதான். அவன் போனும் அந்தச் சக்கரத்துக்கு அடியிலதான் போச்சு. மிச்சம்னு இருந்தது இந்த டிஸ்க்கு ஒண்ணுதான். போன் ரொம்பிப் போச்சுன்னா எல்லாத்தையும் இதுல தள்ளிட்டு அங்க அழிச்சிடுவானாம். போட்டோ, வீடியோ, கல்யாணம், குழந்தை பிறந்தது, எல்லாம் இதுலதான். குழந்தைக்குக் கதை சொல்லுவானாம். அதையும் பதிஞ்சு பதிஞ்சு வச்சிருக்கான்.

குழந்தை பேரு மகிழினி. என் பேத்தி. அப்பன் போகும்போது அதுக்குச் சரியா விவரம் தெரியாத வயசு. இப்பத்தான் பள்ளிக்கூடம் போகுது.

காரியம் முடிஞ்சு ஓசூர் வீட்டைக் காலி பண்ணினப்ப நான்தான் இந்த டிஸ்க்கைக் கையோட எடுத்து வந்தேன். மருமகப் பொண்ணு அப்ப இருந்த நிலைமையில அதைக் கேக்கவும் இல்ல, பாக்கவும் இல்ல. சுகந்தின்னு பேரு. ஈரோட்டுப் பொண்ணு. அவனாப் பாத்துக் கட்டிக்கிட்டது. நான் அதைப் பத்தி இப்ப ஒண்ணும் சொல்லல. குழந்தையோட அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டா, அங்க ஒரு ஸ்கூல்ல வேலை. சரி, போகட்டும். டிஸ்க்கு மட்டும் எங்கிட்ட இருந்தாத்தான் பத்திரம். எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கேன், சார், டிஸ்க் போச்சு சார், பொண்ணு கல்யாண ஆல்பம் போச்சு சார்னு. எங்கிட்ட எதுவும் போனதில்ல. ஒண்ணே ஒண்ணுகூட.

வீட்டு டெஸ்க்டாப்புல மாட்டி வச்சேன். கழட்டவே இல்ல. கழட்டினாத்தானே வம்பு? காலையில குளிச்சு, விபூதி பூசி, கம்ப்யூட்டரைப் போட்டுட்டு உக்காருவேன். அவன் எப்படி வச்சிருந்தான் தெரியுமா? அது ஒரு குப்பைக்காடு. பேரு கிடையாது, வருஷம் கிடையாது. 'புதுசு', 'புதுசு ரெண்டு', 'பாப்பா', 'பாப்பா தூங்குது'ன்னு இஷ்டத்துக்குப் பேரு. சின்னப் பிள்ளையில இருந்தே அவன் அப்படித்தான். நான் உக்காந்து ஒவ்வொண்ணா ஒழுங்குபடுத்தினேன். ஒண்ணு, படிப்பு. ரெண்டு, சான்றிதழ். மூணு, திருமணம். இப்படி நம்பர் போட்டு, வருஷம் போட்டு. ஒரே மாதிரி நாலு போட்டோ இருந்தா மூணை அழிச்சேன். மங்கலா இருந்ததை அழிச்சேன். கடைசியா 'இதர'ன்னு ஒரு ஃபோல்டர் போட்டு, எதுலயும் சேராததையெல்லாம் அதுல தள்ளினேன்.

கதை சொல்றதா? அது ஒலிதானே, போட்டோவும் இல்ல, சான்றிதழும் இல்ல. அது 'இதர'லதான் இருந்துச்சு.

நான் கேட்டதில்ல தம்பி. குழந்தைக்குச் சொன்ன கதை, எனக்கு எதுக்கு? ஒரு தடவை ஒண்ணைத் தட்டினேன். ஸ்பீக்கர்ல 'ம்க்கும்'னு தொண்டையைச் செருமுற சத்தம் வந்துச்சு. உடனே நிறுத்திட்டேன். சமையல்கட்டுல இருந்து என் சம்சாரம் ஓடி வந்துட்டா, கையில மாவோட. 'யாரு, யாரு பேசினது'ன்னு நிக்கிறா. ஒண்ணுமில்ல, போ, விளம்பரம்னு சொல்லி அனுப்பினேன். பொம்பளை மனசு, ஒரு தடவை கேட்டா விடாது. நாள் முழுக்க அழுதுக்கிட்டே இருக்கும். அவளுக்காகத்தான் அதுக்கப்புறம் அந்த ஃபோல்டர்ப் பக்கம் போகல.

சுகந்தி கேக்க ஆரம்பிச்சது குழந்தை பள்ளிக்கூடம் சேர்ந்ததுக்கு அப்புறம்தான். 'மாமா, பாப்பா நைட்டானா அப்பா கதை வேணும்னு கேக்குறா மாமா. அந்த டிஸ்க்கை ஒரு தடவை குடுங்க, காப்பி பண்ணிட்டுத் திருப்பிக் குடுத்துடுறேன்'னு போன்ல கேட்டா. நான் மாட்டேன்னு சொல்லல. அதைத் தெளிவாச் சொல்லிடுறேன், நான் மாட்டேன்னு சொன்னதே இல்ல. ஒழுங்குபடுத்திக்கிட்டிருக்கேன்மா, முடியட்டும், நானே காப்பி போட்டு அனுப்புறேன்னு சொன்னேன். பொங்கலுக்குக் கேட்டா, இன்னும் முடியலைன்னேன். ஆடி நோம்புக்கு நேர்லயே வந்து கேட்டா, வெறும் பென் டிரைவோட. அதுல வைரஸ் இருக்குமான்னு பாக்காம நான் எப்படி மாட்டுறது? அடுத்த தடவை வாம்மான்னு சொல்லி அனுப்பினேன். பாசம் இருந்தா பொறுக்கணும்ல? நான் பொறுத்துக்கிட்டுத்தானே இருக்கேன்?

ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும் தம்பி. காப்பிங்கிறது அப்படித்தான். அவ தம்பி கேப்பான், சிநேகிதி கேப்பா. அப்புறம் எது அசலு, எது நகல்? எம்மகன் ஊர் பூரா சிதறிக் கெடக்கணுமா? ஒரே இடத்துல இருக்கட்டும்னு நினைச்சேன். தப்பா?

வண்டி எங்க நிக்குது? திண்டிவனமா. டீ சாப்பிடுறீங்களா? இல்ல, நானும் இறங்கல. பையை விட்டுட்டு இறங்க முடியாது.

போன மாசம் ஞாயித்துக்கிழமை வந்தா. முன்னாடியே சொல்லல. குழந்தையக் கூட்டிக்கிட்டு, புத்தம்புது டிஸ்க் ஒண்ணு வாங்கிக்கிட்டு வந்திருந்தா. அட்டைப்பெட்டி பிரிக்காம. 'வைரஸ் இருக்காது மாமா, நீங்களே பிரிங்க'ன்னு மேசை மேல வச்சா. சரின்னேன். சாப்பிட்டுட்டு உக்காந்து பண்றேன், இருங்கன்னேன். என் சம்சாரம் இலை போட்டா. நான் எப்பவும் சாப்பிட்டதும் கொஞ்சம் கண்ணசருவேன், அதுவும் அவளுக்குத் தெரியும். கட்டில்ல சாஞ்சேன்.

முழிச்சுப் பாக்குறேன், ஹால்ல கம்ப்யூட்டர் முன்னாடி அவ உக்காந்திருக்கா. மடியில குழந்தை. பக்கத்துல என் சம்சாரம் ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கா. திரையில பச்சைக் கோடு ஓடிக்கிட்டிருக்கு. காப்பி. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல தம்பி! என் வீடு, என் கம்ப்யூட்டர். எனக்கு எப்படி இருக்கும்?

'யாரைக் கேட்டுத் தொட்டே'ன்னேன்.

'நீங்க தூங்கிட்டீங்க மாமா. அத்தைகிட்டக் கேட்டேன்.'

'அத்தைக்கு என்ன தெரியும் கம்ப்யூட்டரைப் பத்தி? நிறுத்து அதை.'

'இன்னும் கொஞ்சம்தான் மாமா. போட்டோ எல்லாம் போயிருச்சு. கடைசி ஃபோல்டர் ஒண்ணுதான் பாக்கி. அதுதான் மாமா கதை. முடிஞ்சிடும்.'

'நிறுத்துன்னா நிறுத்து. எது எதுல போகுது, எப்படிப் போகுதுன்னு பாக்காம என்ன காப்பி? முதல்ல இருந்து நானே பண்ணித் தர்றேன்.'

அவ நிறுத்தல. நான்தான் போய் கேன்சல் குடுத்தேன். அதுல ஒரு தப்பும் இல்ல, கேன்சல் குடுத்தா டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகாது. அது முறைப்படி நிறுத்துறது. இன்னொண்ணு பாருங்க, போட்டோ அத்தனையும் அவ டிஸ்க்குல ஏறியிருந்துச்சு. எதனால? நான் நம்பர் போட்டு அடுக்கி வச்சதனால. வரிசையா ஏறிடுச்சு. இல்லேன்னா பாதி பாதியாத்தான் போயிருக்கும். இன்னைக்கு அவகிட்ட அந்தப் போட்டோவாவது இருக்குன்னா அது என் ஒழுங்கு. அதை யாரும் நினைச்சுப் பாக்கல.

குழந்தை அழ ஆரம்பிச்சிருச்சு. சுகந்தி எந்திரிச்சு நின்னா. மூஞ்சி வெளுத்துப் போச்சு, ஆனா சத்தம் போடல. அவ என்னைக்குமே சத்தம் போட்டதில்ல, அதையும் சொல்லணும். 'அப்ப நான் டிஸ்க்கை எடுத்துட்டுப் போறேன் மாமா. அவர் என் புருஷன். இது எம்பொண்ணுக்காக அவர் பேசினது'ன்னா.

சரிம்மா, எடுத்துட்டுப் போ, ஆனா முறைப்படி எடுன்னேன். அதைத்தானே சொன்னேன்? எஜெக்ட் குடுத்தேன். 'சாதனம் பயன்பாட்டில் இருக்கு, எல்லாத்தையும் மூடிட்டுத் திரும்ப முயற்சி பண்ணு'ன்னு வந்துச்சு. எல்லாத்தையும் மூடினேன். திரும்பக் குடுத்தேன். அதே பதில். சரி, கம்ப்யூட்டரையே ஷட்டவுன் பண்ணிட்டு எடுக்கலாம், இரும்மான்னேன். அதுதான் முறை. எதுவும் சரிவரலைன்னா ஷட்டவுன். அது பழைய கம்ப்யூட்டர், அணைய நேரமெடுக்கும். அவளுக்கு அதுக்குள்ள பொறுமை போச்சு. 'பஸ்ஸுக்கு நேரமாச்சு மாமா'ன்னு சொல்லிக்கிட்டே வயரைப் பிடிச்சு உருவிட்டா.

பிடுங்கிட்டா தம்பி. என் கண்ணு முன்னாடி, எங்கிட்ட. எத்தனை பிள்ளைங்களுக்கு நான் சொல்லிக் குடுத்திருப்பேன்!

எது பயன்பாட்டில் இருந்துச்சா? அது என்னோட ஸ்லைடு ஷோ. காலையில அவன் போட்டோவெல்லாம் ஓட விட்டிருந்தேன், அது மினிமைஸ் ஆகி அடியில கெடந்திருக்கு. அப்புறமாத்தான் பார்த்தேன். அது ஒரு விஷயமில்ல. பிடுங்கினதுதான் விஷயம்.

அப்புறம் என்ன, நான் விடுவேனா? 'குடு இங்க'ன்னு கையைப் பிடிச்சேன். அவ விடல, நானும் விடல. அந்த இழுபறியில அது கைமாறிக் கொஞ்சம் கீழ பட்டுச்சு. பெரிய உயரமெல்லாம் இல்ல. மொசைக் தரை, அவ்வளவுதான். ஒரு சத்தம்கூடப் பெருசா இல்ல. நானே எடுத்தேன். மேல ஒரு கீறல் கெடையாது. இந்தா, வேணும்னா நீங்களே பாருங்க, கூடு அப்படியே இருக்கு. இதுக்கெல்லாம் டிஸ்க் போகுமா?

மாட்டிப் பார்த்தேன். 'டிக், டிக், டிக்'னு சத்தம். திரையில ஒண்ணும் வரல. கழட்டி மாட்டினேன். வேற வயர் போட்டேன். பின்பக்கம் மாட்டினேன். பொழுது சாயுற வரைக்கும் போட்டுப் போட்டுப் பார்த்துக்கிட்டே இருந்தேன். அந்த டிக் டிக்கும் போகப் போக ஒருமாதிரி தேய்க்கிற சத்தமா மாறிடுச்சு. நான் விடல. யாரு அவ்வளவு நேரம் உக்காந்து போராடுவா, சொல்லுங்க?

அதுக்குள்ள அவ கிளம்பிட்டா. குழந்தை அழுகையை நிறுத்தல. என் சம்சாரம் ஒரு பையில நாலு சேலையை எடுத்து வச்சா. 'பிள்ளை அழுகுது, கூடப் போயிட்டு வர்றேன்'னா. அவ்வளவுதான் சொன்னா. நான் திரும்பிப் பாக்கல, வயரைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். இன்னும் ஈரோட்டுலதான் இருக்கா. குழந்தைக்குப் பரீட்சை வருதுல்ல, முடிச்சுட்டு வருவா. அவளுக்கும் ஒரு மாறுதலா இருக்கட்டும்.

சொந்தக்காரங்க கேப்பாங்கல்ல? கேட்டாங்க. என் தங்கச்சி மகன் கல்யாணத்துல வச்சு எல்லாரும் கேட்டாங்க. நான் நடந்ததைச் சொன்னேன். எஜெக்ட் பண்ணாம வயரை உருவிட்டா, எம்மகன் மொத்தமும் போச்சுன்னு. சுகந்தியும் அந்தப் பந்தியிலதான் உக்காந்திருந்தா. என் தங்கச்சி நேராவே கேட்டுட்டா, 'ஏம்மா, மாமா சொல்றது நெசமா'ன்னு. அவ என்ன சொன்னா தெரியுமா? என்னை ஒரு தடவை பார்த்தா. அப்புறம், 'ஆமா அத்தை, நான்தான் பிடுங்கிட்டேன்'னா.

பாத்தீங்களா? நான் சொல்லல, அவளே ஒத்துக்கிட்டா. அவ்வளவு பேர் முன்னாடி. அதுக்கு மேல சாட்சி வேணுமா?

அவகூட ஈரோட்டுல இருந்து வந்திருந்த என் சம்சாரம் பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சுக் கைகழுவப் போயிட்டா. அவளுக்கு அந்தப் பொண்ணு மேல என்ன கோவமோ.

மதுரையில ஒரு கடையில குடுத்தேன். அவன் காதுல வச்சுக் கேட்டுட்டு, இது நம்மால ஆகாது, மெட்ராஸ்ல தூசி புகாத ரூம் வச்சிருக்காங்க, அங்க போங்கன்னான். நேத்து வந்து குடுத்துட்டு, பரங்கிமலையில ஒரு பழைய ஸ்டூடன்ட் வீட்டுல தங்கினேன். காலையில வரச் சொன்னாங்க. போனேன். கண்ணாடி போட்ட ஒரு பொண்ணு, என் சென்டர்ல படிச்ச பிள்ளைங்க வயசுதான் இருக்கும். மரியாதையான பொண்ணு. நாற்காலி போட்டு உக்கார வச்சு, தண்ணி குடுத்தா. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. நல்ல சேதின்னா நின்ன நிலையிலயே சொல்லிடுவாங்கல்ல?

'சார், கீழ விழுந்துச்சா?'ன்னு கேட்டா.

இல்லம்மா, எஜெக்ட் பண்ணாமப் பிடுங்கிட்டாங்கன்னேன்.

'அப்படிப் பிடுங்கினா ஃபைல் கெடலாம் சார். பெரும்பாலும் மீட்டுடலாம்'னு சொல்லிட்டு ஒரு போட்டோ காமிச்சா. உள்ள தட்டு இருக்கும் தம்பி, கண்ணாடி மாதிரி பளபளன்னு. அதுல வட்ட வட்டமாக் கோடு. இட்லித் தட்டை கம்பி போட்டுத் தேய்ச்சா எப்படி இருக்கும், அப்படி. 'சுத்திக்கிட்டிருக்கும்போது அடிபட்டிருக்கு சார். அதுக்கப்புறம் ரொம்ப நேரம் ஓட விட்டிருக்கீங்களா?'ன்னு கேட்டா.

நான் தண்ணியை எடுத்துக் குடிச்சேன். சின்னப் பொண்ணு. படிச்சதைச் சொல்லுது. அனுபவம் வேறல்ல.

'கொஞ்சமாவது, ஒரே ஒரு கதையாவது...'ன்னேன்.

'எழுதியிருந்த மேல்பூச்சே பொடியாப் போயிருச்சு சார். எங்க கொண்டுபோனாலும் இதுதான் சொல்லுவாங்க. இன்னும் அலையாதீங்க சார்'னா. ஒரு சின்னக் கவர்ல போட்டு, ஒட்டி, ரெண்டு கையாலயும் நீட்டினா. ஏதோ... ஏதோ குடுக்கிற மாதிரி. நான் வாங்கிக்கிட்டேன்.

வெளிய வந்து ரோட்டோரம் நின்னேன். வெயில். ஆட்டோக்காரன் எங்க சார்னு கேக்குறான். போன் அடிச்சுது. சுகந்தி. 'என்ன மாமா சொன்னாங்க?'

இல்லம்மா, ஒண்ணும் இல்லைன்னுட்டாங்கன்னேன்.

'சரி மாமா. நீங்க மனசை விட்டுடாதீங்க. நேரத்துக்குச் சாப்பிட்டுட்டு பஸ் ஏறுங்க'ன்னா. என்னை ஒரு சொல் சொல்லல. எப்படிச் சொல்லுவா, தப்பு அவ மேலல்ல? எனக்கும் அப்ப திட்டத் தோணல. திட்டுறதுக்குத்தான் வார்த்தையெல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன், ரயில்ல வரும்போதே. ஒண்ணும் வரல.

பின்னாடியே குழந்தை குரல். 'தாத்தாகிட்டக் குடு, தாத்தாகிட்டக் குடு'ன்னு. வாங்கிடுச்சு. 'தாத்தா, அப்பா கதை கிடைச்சிடுச்சா?'

அந்தக் கதை... அந்த டிஸ்க்கு ரிப்பேர் ஆயிடுச்சும்மா, வராதாம்னேன். பொய் சொல்லி என்ன ஆகப் போகுது?

'சரி, அப்ப நீங்க பேசிக் காட்டுங்க தாத்தா'ன்னுச்சு.

என்ன பேசணும்னேன்.

'அப்பா மாதிரி. நீங்க அப்பாவோட அப்பாதானே? அப்பா உங்ககிட்ட எப்படிப் பேசுவாங்க? அதே மாதிரி பேசுங்க. நான் கேட்டுக்கிறேன்.'

தம்பி, அவன் எங்கிட்ட அவ்வளவாப் பேச மாட்டான். ஒரு மரியாதைதான். காலேஜுல அவன் கேட்ட படிப்புல நான் சேத்து விடல, அதுல கொஞ்சம். அப்புறம் கல்யாணத்துல கொஞ்சம். போன் பண்ணினா அம்மாகிட்டத்தான் பேசுவான். கடைசியில 'அப்பா நல்லா இருக்காங்களா'ன்னு கேப்பானாம், என் சம்சாரம் சொல்லுவா. சில நாள் எனக்குக் கேக்கட்டும்னு ஸ்பீக்கர்ல போடுவா. நான் டிவியைக் கொஞ்சம் கூட்டி வைப்பேன். அவங்க பேசுறதுல நான் எதுக்கு இடைஞ்சலா இருக்கணும்னுதான்.

ரோட்டுல நின்னு நினைச்சுப் பாக்குறேன். அவன் கையெழுத்து ஞாபகம் வருது. இடது பக்கம் சாயும். கால் செருப்பு எந்தப் பக்கம் தேயும்னு ஞாபகம் வருது. குரல் வரல. கனமா இருக்குமா, மெல்லிசா இருக்குமா? தொண்டையைச் செருமுறது ஒண்ணு மட்டும் வருது. அதையா பேத்திகிட்டச் செஞ்சு காட்டுறது?

'தாத்தா, இருக்கீங்களா?'ன்னு குழந்தை கேக்குது.

இருக்கேன்மா, இருன்னு சொல்லிட்டு, முயற்சி பண்ணினேன். குரலைக் கொஞ்சம் இறக்கிக்கிட்டு, 'பாப்பா, ஒரு காட்டுல ஒரு சிங்கம் இருந்துச்சாம்'னேன். எனக்கே கேக்குது, என் சென்டர்ல பாடம் நடத்துற மாதிரி. மறுபடி சொன்னேன். கொஞ்சம் வேகமா. இன்னொரு தடவை, மெதுவா. பஸ் ஸ்டாப்புல நிக்கிற ஜனமெல்லாம் பாக்குது, வெள்ளைத்தலையோட ஒரு ஆளு நடுரோட்டுல நின்னு போன்ல சிங்கம் சிங்கம்னு சொல்லிக்கிட்டிருக்கான்னு.

'இது இல்ல தாத்தா'ன்னுச்சு. கோவமாச் சொல்லல. பாவம், சாதாரணமாத்தான் சொல்லுச்சு. அப்புறம் திரும்பி, 'அம்மா, தாத்தாவுக்கும் தெரியலம்மா'ன்னு சொன்னது கேட்டுச்சு.

போனை எங்கயோ வச்சிட்டுப் போயிருச்சு போல. கட் பண்ணத் தெரியல குழந்தைக்கு. வீட்டுச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ஃபேன் ஓடுறது. குழாய்ல தண்ணி விழுறது. என் சம்சாரம் குரல். 'எந்திரி தாயி, அழாத, வா, ஆச்சி ஊட்டி விடுறேன்'னு சொல்றா. பிறகு மூணு பேரும் எங்கயோ உள்ள போயிட்டாங்க. நான் ஹலோ, ஹலோன்னு ரெண்டு மூணு தடவை கூப்பிட்டேன். யாருக்கும் கேக்கல.

கட் பண்ண மனசு வரல தம்பி. காதுல வச்சுக்கிட்டே கோயம்பேடு பஸ்ஸுல ஏறினேன், டிக்கெட் எடுத்தேன், இறங்கினேன், இந்த வண்டியில வந்து உக்காந்தேன். யாராவது வந்து எடுப்பாங்கன்னு. சார்ஜ் தீர்ந்து அதுவா நிக்கிற வரைக்கும் ஃபேன் சத்தம் மட்டும்தான் வந்துக்கிட்டிருந்துச்சு.